கேட்டதைக் கேட்டபடி செய்த ஏவலர்



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், பழைய மாணவியர் எழுதினால் பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள்" என்று பள்ளியிலிருந்து மடல் வந்ததும், எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் கடல் கடந்து போனவள் அல்லள். மேடை ஏறிப் பரிசு வாங்கியவளும் அல்லள். ஓர் அலுவலக மேசையின் முன் அமர்ந்து கணிப்பொறியைத் தட்டிக்கொண்டிருப்பவள். ஆகவே, அந்த மேசையில் எனக்குக் கைகொடுத்த சில ஏவலரைப் பற்றியும், அவர்களை நம்பி நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டு பட்டப்படிப்பை முடித்த கையோடு ஒரு சிற்றூர்ப் பள்ளியின் அலுவலகத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தேன். அங்கே தலைமை எழுத்தராக இருந்த பெரியவர், பேரேட்டிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். அறையின் மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த கணிப்பொறியைக் காட்டி, "அம்மா, இதோடு நீ பேசிக்கொள், பேரேட்டோடு நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். அன்று முதல் பெயர்ப் பட்டியல், கட்டணப் பட்டியல், அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல் எல்லாம் என் தலையில் விழுந்தன. ஒரே மாணவியின் பெயரை ஓராண்டில் பத்துப் பதினைந்து முறை தட்டச்சு செய்ய வேண்டும். விரல் வலித்ததைவிட, அத்தனை முறையில் ஒரு முறையாவது பெயர் பிழையாகிவிடுமே என்பதுதான் எனக்குக் கவலை.

நூலகத்தில் எடுத்து வந்த ஒரு பழைய புத்தகம்தான் வழி காட்டியது. விண்டோஸ் கணிப்பொறிக்குள் 'விபிஸ்கிரிப்ட்' என்ற சிறு நிரல்மொழி முன்னமே குடியிருக்கிறதாம்! காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நோட்பேடில் சில வரிகள் எழுதி, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து 'விபிஎஸ்' என்ற வாலை ஒட்டிச் சேமித்து, அதை இருமுறை சொடுக்கினால் போதும்; எழுதியபடி நடக்கும். நான் முதலில் எழுதியது ஒரே ஒரு வரி. "வணக்கம்" என்று திரையில் சொல்ல வைக்க ஆசைப்பட்டேன். சொடுக்கினேன். ஒரு சிறு பெட்டி தோன்றியது. அதற்குள் வரிசையாகக் கேள்விக்குறிகள்! பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, அதுவே உன்னைக் கேள்வி கேட்கிறதே" என்றார். கோப்பை 'யூனிகோடு' வகையில் சேமிக்க வேண்டும் என்பதை மறுநாள் கண்டுபிடித்தேன். பிறகு வணக்கம் அழகாக வந்தது.

அந்தப் பெட்டியைத் திரையில் காட்டியது யார்? நான் அல்லள். 'மெசேஜ் பாக்ஸ்' என்ற ஏவலர். இத்தகையவர்களைப் பாடநூலில் 'உள்ளிணைந்த செயற்கூறுகள்' என்று படித்திருப்பீர்கள். நிரலெழுதுபவருக்கு அடிக்கடி தேவைப்படும் சிறு வேலைகளை மொழியை ஆக்கியவர்களே செய்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்; நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள். நம் அடுக்களையில் முறமும் சல்லடையும் அரிவாள்மணையும் இருப்பதைப் போலத்தான். 'ட்ரிம்' என்பவள் பெயரின் முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடங்களைப் புடைத்துத் தள்ளுவாள். 'ஸ்பிளிட்' ஒரு நீண்ட வரியைக் காற்புள்ளி உள்ள இடங்களிலெல்லாம் நறுக்கித் தருவாள். 'ரிப்ளேஸ்' ஒரு சொல்லை எடுத்து வேறொரு சொல்லை வைப்பாள். 'இன்புட் பாக்ஸ்' நம்மிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வருவாள். இவர்கள் இல்லையென்றால், ஒரு பெயரின் கடைசியில் இருக்கும் வெற்றிடத்தை நீக்கவே நான் பத்து வரி எழுத வேண்டும்.

இம்மொழியின் மூதாதை 'பேசிக்'. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள், அறிவியல் படிக்காத மாணவரும் கணிப்பொறியை ஏவ வேண்டும் என்று கருதி ஆக்கியது. (கணிப்பொறி என்றதும் ஆண்களை மட்டுமே நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1965இல் அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி மேரி கென்னத் கெல்லர் என்ற கன்னியர்! அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் அத்துறையைத் தொடங்கி இருபதாண்டுகள் நடத்தியவர்.) அந்தப் பேசிக் குடும்பத்தில் 1996இல் வந்த பிள்ளைதான் விபிஸ்கிரிப்ட்.

நிற்க. என் முதல் இடறலைச் சொல்கிறேன். அடையாள அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக அச்சிட வேண்டும். 'லெஃப்ட்' என்றொரு ஏவலர் உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்து 'ஒன்று' என்றால், இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துத் தருவாள். இதைவிட எளிதாக என்ன வேண்டும்? நூற்றிருபது அட்டைகளையும் ஒரே மூச்சில் அச்சிட்டுப் பெருமிதத்தோடு வகுப்புகளுக்கு அனுப்பினேன். இடைவேளை மணி அடித்ததும் அலுவலக வாசலில் ஒரு கூட்டம்.

"அக்கா, எங்க அப்பா பேரு சேவியர். 'ச' போட்டிருக்கீங்க. 'ச'ன்னா இவ அப்பா சவரிமுத்து!"

பார்த்தால் சேவியரும் சவரிமுத்துவும் ஒரே 'ச' ஆகியிருந்தார்கள். ஜோசப் 'ஜ' ஆனார். பிச்சையா 'ப' ஆனார். அந்தோணியும் இருதயமும் மட்டும் தப்பித்தார்கள். காரணம் என்னவென்றால், நமக்கு 'சே' ஓர் எழுத்து. கணிப்பொறிக்கு அது இரண்டு. 'ச' என்ற மெய்யேறிய எழுத்து ஒன்று. பக்கத்தில் ஏகாரக் குறி ஒன்று. எழுத்துகளை எண்ணும் 'லென்' என்ற ஏவலரிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். இவளோ ஐந்து என்பாள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கற்பித்த எண்ணிக்கை அது. அன்று மாலை வெகுநேரம் உட்கார்ந்து ஒரு வழி செய்தேன். முதலாவதை எடுத்தபின் அடுத்ததன் எண்ணைப் பார்ப்பது. அது 3006 முதல் 3021 வரை இருந்தால் குறியோ புள்ளியோ என்று பொருள், அதையும் சேர்த்து எடுப்பது. மறுநாள் சேவியரின் மகள் 'சே'யைப் பெற்றுக்கொண்டு போனாள். வீணான அட்டைகளுக்குப் பெரியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிழித்துக் குறிப்புச் சீட்டாக்கிக்கொண்டார்.

பிறந்த தேதியிலும் இடறினேன். கணிப்பொறி அமெரிக்க வழக்கத்தில் அமைக்கப்பட்டிருந்ததால் 05/06 என்பதை மே ஆறாம் நாளாகப் படித்தது; 13/06 என்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று தானே புரட்டி ஜூன் பதின்மூன்று என்று சரியாகப் படித்தது! முழுவதும் தவறாக இருந்தால் உடனே தெரிந்திருக்கும். பாதி சரியாக இருந்ததால்தான் ஏமாந்தேன். நல்லவேளை, அது அச்சுக்குப் போகும் முன்பே கண்ணில் பட்டது.

இவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடியவை. அடுத்தது அப்படிப்பட்டதன்று.

2010ஆம் ஆண்டுக் கோடை. ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணையும் முழு ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது அப்பள்ளியின் வழக்கம். அரை வந்தால் அடுத்த முழு எண்ணாக்கிக் கொள்ள வேண்டும். முப்பத்தைந்து வந்தால் தேர்ச்சி. அதுவரை ஆசிரியைகள் வீட்டில் விழித்திருந்து கணக்குப் போட்டு வந்தார்கள். "நீங்கள் மதிப்பெண்ணை மட்டும் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். முழு எண்ணாக்குவதற்கென்றே 'ரவுண்ட்' என்ற ஏவலர் இருக்கிறாள் அல்லவா?

சோதிக்காமல் விட்டேன் என்று எண்ணாதீர்கள். மூன்று எண்களைக் கொடுத்துச் சோதித்தேன். 35.5 கொடுத்தேன்; 36 வந்தது. 41.5 கொடுத்தேன்; 42 வந்தது. 67.5 கொடுத்தேன், 68 வந்தது. இதே வளாகத்தில், வேப்பமரத்தடி வகுப்பறையில், எங்கள் கணக்குச் சகோதரி 'அரையும் அதற்கு மேலும் வந்தால் ஒன்று கூட்டு' என்று பலகையில் எழுதிப் போட்டது நினைவுக்கு வந்தது. கணிப்பொறியும் அதே சகோதரியிடம் படித்திருக்கிறது என்று மகிழ்ந்து, பட்டியலை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

நான்காம் நாள் ஓர் அம்மா வந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேசை முன் நின்றார்.

"ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்கம்மா. கணக்குல ஃபெயிலாப் போயிருச்சு. டி.சி. குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

"ஏம்மா, மறுபடி ஒரு வருஷம் படிக்கட்டுமே?"

"அவங்க அப்பா ஒத்துக்கலம்மா. மில்லுக்கு ஆள் எடுக்கறவங்க ஊருக்குள்ள வந்திருந்தாங்க. பேரு குடுத்தாச்சு. தங்கறதுக்கு இடமும் அவங்களே குடுக்கறாங்களாம்."

அவர் குரலில் கோபம் இல்லை, குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்பதைப் போலச் சொன்னார். நான் மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்து, பெயரும் பிறந்த நாளும் எழுதுவதற்காக வகுப்புப் பதிவேட்டைத் திறந்தேன். கணக்குப் பாடத்திற்கு நேரே ஆசிரியை கையால் எழுதிய இரண்டு எண்கள் இருந்தன: 31, 38. எழுதப் போன கை நின்றது. முப்பத்தொன்றும் முப்பத்தெட்டும் அறுபத்தொன்பது. இரண்டால் வகுத்தால் முப்பத்துநான்கரை. அரையைக் கூட்டினால் முப்பத்தைந்து. பட்டியலில் என் நிரல் அச்சிட்டிருந்ததோ 34.

அந்தோ! அந்தக் கணத்தை இன்று நினைத்தாலும் என் உள்ளங்கை குளிர்ந்துவிடுகிறது. "அம்மா, கொஞ்சம் உட்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணிப்பொறியைத் திறந்தேன். 34.5 கொடுத்தேன். 34 என்றது. 35.5 கொடுத்தேன். 36 என்றது. மீண்டும் 34.5 கொடுத்தேன். 34தான். பெரியவரின் கணிப்பொறியில் எக்செல் தாளைத் திறந்து அதே 'ரவுண்ட்' என்ற பெயரில் கேட்டேன். அது 35 என்றது! ஒரே நிறுவனம் செய்த இரண்டு பொருள்கள், ஒரே பெயருடைய இரண்டு ஏவலர், இரண்டு விடைகள்.

காரணத்தை அன்றிரவுதான் தெரிந்துகொண்டேன். அரையை முழுமையாக்குவதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று நாம் பள்ளியில் படித்தது. மற்றொன்று, அரை வந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போவது. இதை 'வங்கியாளர் முறை' என்பார்கள். 0.5, 1.5, 2.5, 3.5 ஆகிய நான்கையும் கூட்டினால் 8. ஒவ்வொன்றையும் நம் முறைப்படி மேலே ஏற்றிவிட்டுக் கூட்டினால் 1, 2, 3, 4 ஆகி 10 வரும். இரட்டைப்படை முறையில் 0, 2, 2, 4 ஆகி அதே 8 வரும். ஆயிரக்கணக்கான தொகைகளைக் கூட்டும் இடத்தில் இரண்டாவது வழக்கமே நியாயமானது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். ஆனால் ஒரு சிறுமியின் கணக்கு மதிப்பெண்ணை எந்த மதிப்பெண் ஈடு செய்யும்? நான் சோதித்த மூன்று எண்களும், என் போதாத காலம், 35, 41, 67 என்று ஒற்றைப்படையாகவே அமைந்துவிட்டன. ஒற்றைப்படைக்கு இரு வழக்கங்களும் ஒரே விடை தருகின்றன. 'சி-இன்ட்' என்ற இன்னோர் ஏவலரின் விளக்கக் குறிப்பில் இதே இரட்டைப்படை வழக்கம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நான் படிக்கவில்லை. பெயரைப் பார்த்தே வேலை தெரியும் என்று இருந்துவிட்டேன்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அம்மையாரின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. 'கணிப்பொறியின் பிழை' என்று ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொல்லவும் முடிந்திருக்கும். அந்த ஊரில் அன்று யாரும் என்னை மறுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கணிப்பொறி செய்யச் சொன்னதைத்தான் செய்தது என்பது எனக்குத் தெரியுமே! "என் பிழை, மேடம்" என்றேன். அவர் திட்டவில்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் 31, 38 என்று எழுதித் தாமே கூட்டி வகுத்துப் பார்த்தார். பிறகு, "அந்த அம்மா இருக்கிறாரா, போய்விட்டாரா?" என்றுதான் கேட்டார். பட்டியலில் 34ஐ அடித்து 35 என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்த அம்மாவை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது அந்த அம்மா சான்றிதழ் கேட்கவில்லை. "அப்ப பாஸ்தானுங்களா?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாப் பிரிவுகளின் எல்லாப் பாடங்களையும் நான் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அம்மையாரின் கட்டளை. இரண்டு நாள் ஆயிற்று. எத்தனையோ இடங்களில் ஒரு மதிப்பெண் குறைந்திருந்தது. ஆனால் தேர்ச்சி தவறியவள் அவள் ஒருத்திதான். பெரியவர் எதிரே உட்கார்ந்து எண்களை வாசிக்க, நான் கூட்டினேன். மூன்றாம் நாள் நிரலைத் திருத்தினேன். 'ரவுண்ட்' என்பவளை அனுப்பிவிட்டு 'இன்ட்' என்பவளை அமர்த்திக்கொண்டேன். சராசரியோடு 0.5ஐக் கூட்டி அவளிடம் கொடுத்தால் தசமப் பகுதியை வெட்டிவிட்டு முழு எண்ணைத் தருவாள். 34.5 போய் 35 வந்தது. என் குறிப்பேட்டில் அவ்வரியைச் சிவப்பு மையில் எழுதி, கீழே அந்தச் சிறுமியின் பதிவு எண்ணையும் எழுதி வைத்தேன். 2011இல் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் அவள் கணக்கில் 61 வாங்கினாள். அந்தப் பட்டியலை நான் முதலில் பார்த்தது அந்த ஓர் எண்ணுக்காகத்தான்.

அந்த ஏவலர் குடும்பம் இப்போது ஓய்வு பெறுகிறது. விபிஸ்கிரிப்டைக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023 அக்டோபரில் அறிவித்தது. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் அதை வேண்டுவோர் வைத்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக மாற்றிவிட்டது. முடிவில் முற்றிலும் நீக்கிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறது. இம்மொழிக்குக் கெட்ட பெயரும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு மின்னஞ்சலில் வந்து உலகெங்கும் கணிப்பொறிகளைப் பாழாக்கிய நச்சுநிரல், இதே விபிஸ்கிரிப்டில் எழுதப்பட்டதுதான். கோப்பைத் திறக்கவும் எழுதவும் எனக்கு உதவிய அதே வசதிகள் அங்கே படங்களை அழித்தன. முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தம்மையே அனுப்பி வைத்தன. ஏவியவர் வேறு, ஏவலர் அவர்களேதாம்.

ஆகவே என் பழைய நிரல்களையெல்லாம் 'பவர்ஷெல்' என்ற வேறொரு மொழிக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் இப்போது நான். எனக்கு உதவியாக வந்திருக்கும் இளம்பெண் மிகவும் சூட்டிகையானவள். மதிப்பெண் நிரலைத் தொட்டபோது, "இதிலும் ரவுண்ட் இருக்கிறது அக்கா, அதையே போட்டுவிடவா?" என்று கேட்டாள்.

"போடு. ஆனால் முதலில் 34.5 கொடுத்துப் பார்" என்றேன்.

கொடுத்தாள். 34 என்று வந்தது. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தட்டினாள். மேல்நிலை வகுப்பில் 'பைத்தான்' படிக்கும் தங்கைகள் உங்கள் ஆய்வகத்திலும் 'ரவுண்ட்' என்று எழுதி இதே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அங்கும் 34தான் வரும். நான் மேசையின் கீழ்ப்பெட்டியைத் திறந்து, அந்தச் சிவப்பு மை எழுதிய குறிப்பேட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வரியைப் படித்தாள். கீழே இருந்த எண்ணைச் சுட்டி, "இது என்ன பதிவு எண், அக்கா?" என்று கேட்டாள்.